முந்த வேண்டாம், பின்தொடரவும்

நகரத்துச் சாலைகளில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடும் பொறுப்பை மாநகராட்சி எந்த இன்ஜினியரம்மாவிடம் ஒப்படைத்திருந்ததோ, அந்த இன்ஜினியரம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை, அவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. கப்பல் கட்டுகிறவர்கள் எல்லாம் நீச்சல் தெரிந்தவர்களா என்ன என்று தனக்குள் ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். அவருடைய பிரிவில் வேலை பார்த்த மற்றவர்களும் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வருகிறவர்கள். அலுவலகத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் உடைந்த பீரோக்கள்தான் நின்றுகொண்டிருந்தன.

ஆனால் திட்டம் அருமையான திட்டம். அதைக் குறை சொல்ல முடியாது. ரயில் நிலையத்தில் ஆரம்பித்துக் கால்வாயை ஒட்டிய சாலையில் போய், கடைத்தெருவுக்குள் நுழைந்து, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் முடிகிற ஒரு பச்சை நிறப் பாதை. மோட்டார் வண்டிகள் உள்ளே புகாதபடி வாயில்களில் குட்டைத் தூண்கள். சந்திப்பில் சைக்கிளுக்கென்று ஒரு சின்ன சிக்னல் விளக்கு. கார்களுக்குப் பச்சை விழுவதற்கு முன்னால் சைக்கிளுக்கு விழும். இன்ஜினியரம்மா அந்த வரைபடத்தைத் தன் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்து, சாப்பிடும்போதுகூட அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

வினை மேயர் கூட்டிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வந்தது. பாதை போட்டால் கடை வாசலில் கார் நிறுத்த இடம் போய்விடும் என்று கடைத்தெரு வியாபாரிகள் திரண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். ஆளுயர நிலைக்கண்ணாடியிலிருந்து சட்டைப்பை சீப்போடு வரும் கண்ணாடி வரைக்கும் விற்கிறவர். பெரிய கண்ணாடிகளை நடைபாதையில் வரிசையாகச் சாய்த்து வைத்து, நாள் முழுக்க மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். நடைபாதையை அடைக்காதீர்கள் என்று இன்ஜினியரம்மா ஏற்கெனவே அவருக்கு எழுதியிருந்தார். அந்தக் கோபமும் மனிதருக்கு உள்ளே இருந்தது. ஆனாலும் மரியாதையாகத்தான் எழுந்து நின்று கேட்டார்.

“ஒரு சின்ன சந்தேகம் மேடம். நீங்க ஆபீசுக்கு எதுல வர்றீங்க?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்ஜினியரம்மா அலுவலகக் காரில் வருவது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சிரிப்பில் அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஏறினால் அவர் வாய் அவர் பேச்சைக் கேட்காது.

“திறப்பு விழா அன்னைக்கு வந்து பாருங்க. எல்லாருக்கும் முன்னாடி நான்தான் சைக்கிள் ஓட்டிட்டு வருவேன்.”

இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று நினைக்கிற மேயர் உடனே கையைத் தட்டி, அங்கேயே ஒரு சமரசத்தை அறிவித்துவிட்டார். பாதை இப்போதைக்குக் கடைத்தெரு முனையோடு நிற்கும். திறப்பு விழா அன்று ஜனங்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்த்து, வரவேற்பு இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் பழையபடி கார் நிறுத்த விட்டுவிடலாம். கண்ணாடிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இன்ஜினியரம்மா ஓட்டவில்லை என்றால் ஊரே சிரிக்கும் என்பதும், ஊர் சிரித்த திட்டம் மறுபடி தலையெடுக்காது என்பதும் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. எல்லாரையும்விட நன்றாக இன்ஜினியரம்மாவுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். கணவர் நல்ல மனிதர். மறுநாளே எங்கிருந்தோ ஒரு சைக்கிளை இரவல் வாங்கி வந்து, பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மனைவி ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை மாட்டுக் கொம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, “விடாதீங்க, விடாதீங்க” என்று சொன்ன கோலத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துச் சிரித்து வண்டியை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டியும் இன்ஜினியரம்மாவும் அவருக்குப் பக்கத்திலேயே விழுந்தார்கள். அன்றோடு அவருடைய வாத்தியார் வேலை போயிற்று.

அப்புறம் மிச்சமிருந்தது ஒரே ஆள்தான், மாடியில் குடியிருக்கும் சின்னவள். கணவரின் தம்பி மனைவி. அதாவது இன்ஜினியரம்மாவுக்கு ஓரகத்தி. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மழையோ வெயிலோ, தினமும் சைக்கிளில்தான் போய்வருவாள். ஊசி குத்துவதில் கெட்டிக்காரி. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். எதிரே இருப்பவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்துப் பஞ்சையும் வைத்திருப்பாள்.

அவளிடம் போய்க் கேட்பதில்தான் சங்கடம். இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு நின்று ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. காரணம் அந்தச் சைக்கிளேதான். அது மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. இன்ஜினியரம்மாவின் புடவை ஒருநாள் அதன் பெடலில் மாட்டிக் கிழிந்தது. வழியில் வைக்காதே, வெளியே வை என்று அவர் சொன்னார். சின்னவளும் வெளியே வைத்தாள். அந்த வாரம் அடித்த மழையில் வண்டி நனைந்து செயின் துருப்பிடித்துப்போனது. “ஊர் முழுக்கச் சைக்கிளுக்கு இடம் ஒதுக்குறாங்க, வீட்டுல ஒரு மூலை ஒதுக்க மனசு வரல” என்று சின்னவள் மாடிப்படிச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான், பேச்சு நின்றது. அதற்குப் பிறகு தண்ணீர் மோட்டார் போடுவதிலிருந்து விருந்தாளி வருகிற சேதி வரைக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான் மேலும் கீழும் தூது போனார்கள்.

இன்ஜினியரம்மா ஒரு தட்டில் பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு மாடி ஏறினார். பாதிப் படியில் நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்தார். சுவரில் ஒட்டிய வரைபடம் கண் முன்னால் வந்தது. ஏறிவிட்டார். சின்னவள் கதவைத் திறந்ததும், சுற்றி வளைக்காமல் நடந்ததை முழுக்கச் சொல்லி, கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டார்.

சின்னவள் சிரிக்கவில்லை. எத்தனையோ வகையாகத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருந்த இன்ஜினியரம்மாவுக்கு, அவள் சிரிக்காதது பெரிய உபகாரமாக இருந்தது. அவள் ஒரு பழத்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தன் நிபந்தனையைச் சொன்னாள். வண்டி மாடிப்படிக்குக் கீழே திரும்ப வர வேண்டும்.

மறுநாளே இன்ஜினியரம்மா அந்த இடத்திலிருந்த செருப்பு அலமாரியைத் தானே இழுத்து நகர்த்தினார். கொத்தனாரை வரவழைத்து, வண்டியை உருட்டி ஏற்ற வாசற்படியில் ஒரு சின்னச் சிமெண்ட் சரிவும் போடவைத்தார், தன் கைக்காசில்தான். சின்னவள் அதில் வண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே” என்றாள். நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பாடம் சின்னவளின் சைக்கிளிலேயே, கால்வாய்ச் சாலையில் விடிந்தும் விடியாத நேரத்தில் நடந்தது. பாதைக்குப் பச்சை அடித்து முடிக்கவில்லை. புதுப் பெயிண்ட் வாசனை வந்துகொண்டிருந்தது. முதல் பாடமாகச் சின்னவள் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். “கண்ணு எங்க போகுதோ வண்டியும் அங்கதான் போகும்க்கா. பள்ளத்தைப் பாக்காதீங்க, தூரமா பாருங்க.”

பள்ளத்தைப் பார்க்காதே என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், இவரிடம் சொல்லக் கூடாது. சாலையில் பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே இன்ஜினியரம்மாவின் தொழில். எத்தனையோ வருஷமாக எந்தத் தெருவில் நடந்தாலும் அவர் பார்வை தரையில்தான் இருக்கும். இப்போதும் பார்த்தார். பார்த்த பள்ளத்தில் எல்லாம் ஒன்று விடாமல் விழுந்தார். குட்டைத் தூண்களுக்கு நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போய்த் தூணில் மோதினார். சாக்கடை மூடியின் கம்பிகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்த்தார். அடுத்த நொடி முன்சக்கரம் அந்தக் கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது.

ஆனால் அவர் இன்ஜினியர் அல்லவா? விழுந்த இடத்தை எல்லாம் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், அன்றைக்கே ஆளை அனுப்பினார். பள்ளங்கள் மூடப்பட்டன. தூண்கள் பிடுங்கப்பட்டு, ஆடி ஆடி வருகிறவரும் நுழையும்படி தள்ளி நடப்பட்டன. சாக்கடை மூடிகள் எல்லாம் கம்பிகள் குறுக்காக வரும்படி திருப்பிப் போடப்பட்டன. மாநகராட்சிக்கு என்ன வந்துவிட்டது, இப்படிக் காற்றாய்ப் பறக்கிறார்கள் என்று கால்வாய்ச் சாலை ஜனங்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். மேடத்தின் முழங்கையில் ஏன் தினம் ஒரு புதுப் பிளாஸ்திரி என்று அலுவலகத்தில் கேட்கத்தான் நினைத்தார்கள், தைரியம் வரவில்லை.

விழுவது குறைந்தது. ஆனால் ஓட்டம் வரவில்லை. உட்கார்ந்ததும் உடம்பு விறைத்துக்கொள்ளும், கால் பெடலில் ஒட்டிக்கொள்ளும். விழா நெருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த சின்னவளுக்கே அலுத்துப்போய், மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“அன்னைக்கு நனைஞ்ச செயினை எத்தனை நாள் உக்காந்து தேய்ச்சேன் தெரியுமா? கையெல்லாம் கறுப்பாகி, ஆஸ்பத்திரியில டாக்டரே கேட்டாரு.”

இன்ஜினியரம்மாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மழை வரும் என்று நான் கண்டேனா, ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருக்கக் கூடாதா, கிழிந்த புடவை யார் கொடுத்த புடவை தெரியுமா என்று முன்னால் பார்த்தபடியே பொரிந்து தள்ளினார். பொரியப் பொரியக் கால்கள் தானாக மிதித்தன. பதில் வரவில்லையே என்று கவனித்தபோது சின்னவள் எங்கோ தூரத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்க, வண்டி தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

வழி கிடைத்துவிட்டது. இன்ஜினியரம்மாவுக்குக் கோபம் வந்தால் பயம் மறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தினமும் ஒரு சண்டைதான் பாடம். மாடியில் காயப்போட்ட துணியிலிருந்து கீழே சொட்டுகிற தண்ணீர், தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்த கதை, குடும்பத்துப் போட்டோவில் சின்னவளை ஓரத்தில் நிற்கவைத்தது, அவள் சமைத்ததைப் பற்றி யாரோ யாரிடமோ சொன்னது என்று பல வருஷத்துச் சரக்கு வெளியே வந்தது. சின்னவள் பின்னால் ஓடிக்கொண்டே ஒன்றை எடுத்துவிடுவாள். இன்ஜினியரம்மா பதிலுக்கு மிதித்துக்கொண்டே ஒன்றை எடுத்துவிடுவார். காலை நடைக்கு வந்தவர்கள், பாவம் நல்ல குடும்பம், விடியற்காலையிலேயே இப்படி என்று ஒதுங்கிப் போனார்கள்.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. சண்டையும் ஒருநாள் தீர்ந்துபோகிற பொருள்தான். விழாவுக்குச் சில நாள் முன்னால், சின்னவள் யோசித்து யோசித்துப் பார்த்தும் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “அக்கா, உங்க மேல இப்போதைக்கு எனக்கு ஒரு கோவமும் இல்ல” என்றாள். வண்டியை அவள் பிடித்துக்கொள்ள, இன்ஜினியரம்மா இறங்கி நின்று, தனக்கும் இல்லை என்றார். பிறகு, மாடியில் நீங்கள் பேசிச் சிரிக்கும் சத்தத்தைக் கீழே உட்கார்ந்து எத்தனை சாயங்காலம் கேட்டுக்கொண்டிருந்தேன் தெரியுமா, ஏறி வர வெட்கமாக இருந்தது என்றும் சொன்னார். சின்னவள் அவர் முழங்கைப் பிளாஸ்திரியைச் சரிசெய்வதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அன்பு எல்லாம் சரி. நிறுத்துவதுதான் வரவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்தோ அழுத்து என்று அழுத்தி, கைப்பிடிக்கு மேலாகப் பறந்து போய் விழுந்திருந்தார். தாடையில் பட்ட அடி ஆறியும் பயம் ஆறவில்லை. பிரேக்கைத் தொடு என்றால் விரல்கள் அவர் சொன்னபடி கேட்க மறுத்தன. யாராவது முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினால்தான் உண்டு. சரி, விழா அன்று மேடைக்குப் பக்கத்தில், பாதை முடிகிற இடத்தில் தான் நின்று பிடித்துக்கொள்வதாகச் சின்னவள் சொன்னாள். பக்கத்தில் வேறு சைக்கிள் வந்தால் தான் தடுமாறிவிடுவோம் என்ற பயத்தில் இன்ஜினியரம்மா தன் பங்குக்கு ஓர் அறிவிப்பை எழுதி ஊரெங்கும் ஒட்டவைத்தார். இன்ஜினியரின் சைக்கிளை யாரும் முந்த வேண்டாம், வரிசையாகப் பின்தொடரவும். எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு கட்டுப்பாடு என்று மேயர் அதைப் படித்துவிட்டுப் பாராட்டினார்.

விழாக் காலையில் இன்ஜினியரம்மா ரயில் நிலைய வாசலுக்கு வந்தார். ஜனங்கள் வருவார்களா என்று அத்தனை நாள் கவலைப்பட்டவர், இத்தனை பேர் வந்துவிட்டார்களே என்று கவலைப்பட்டார். பால் கொண்டுபோகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், வெள்ளைக் கோட்டோடு ஆஸ்பத்திரி ஆட்கள், முன்னால் கூடையில் குழந்தையை உட்காரவைத்த தாய், ஓய்வுபெற்றவர்கள், கூரியர் பையோடு ஒருவர் என்று சைக்கிள்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. மூட்டுவலியைச் சொல்லி ஓட்டமாட்டேன் என்றுவிட்ட மேயர் கடைசி முனையில் மேடையில் காத்திருந்தார். கணவர் வந்து கேரியரைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல் ஒரு தள்ளு தள்ளிவிட்டார்.

வண்டி ஆடியது. பின்னால் சண்டை போடச் சின்னவள் இல்லை. இன்ஜினியரம்மா அவசர அவசரமாக யார் மேலாவது கோபப்படத் தேடினார். கண்ணாடிக் கடைக்காரர் அகப்பட்டார். எதில் வருகிறீர்கள் என்றா கேட்டீர்கள், இதோ இதில்தான் வருகிறேன், நடைபாதையை அடைத்துக் கண்ணாடி வைப்பவர் கேட்கிற கேள்வியா அது என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். மேடம் விழாப் பேச்சை மனப்பாடம் செய்கிறார் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டு மரியாதையாக இடைவெளி விட்டார்கள்.

கால்வாய்ச் சாலை வந்தது. பெயிண்ட் காய்ந்து பச்சையாக நீண்டு கிடந்தது. அவர் விழுந்து மூடவைத்த பள்ளங்கள் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. தண்ணீர்க் காற்று முகத்தில் அடித்தது. சந்திப்பில் வரிசையாகக் கார்கள் நின்றன. அவர் நெருங்கும்போது கம்பத்தில் இருந்த அந்தச் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. அதன் கம்பி எந்தக் குழாய் வழியாகப் போகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். ஆனால் கார்கள் எல்லாம் நின்று வழிவிட, அவை நகர்வதற்கு முன்னால் ஒரு சைக்கிளில் அந்தச் சந்திப்பைக் கடக்கும்போது மனதுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முணுமுணுப்பு நின்றுபோனது. கண்ணாடிக் கடைக்காரர் மறந்துபோனார். கோபமே இல்லாமல் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன. எனக்கு ஓட்டத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைத்தெரு முனை தெரிந்தது. மேடை, பந்தல், பாதை முடிகிற இடத்தில் குறுக்கே கட்டிய ரிப்பன், கையில் கத்தரிக்கோலோடு மேயர். ரிப்பனுக்கு இந்தப் பக்கம், சொன்ன இடத்தில், சொன்னபடி சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கைகளை நீட்டித் தயாராகத்தான் இருந்தாள். இன்ஜினியரம்மா நிம்மதியோடு அவளை நோக்கி வந்தார். சின்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் சாலையை நிறைத்துக்கொண்டு வந்த சைக்கிள்களைப் பார்த்தாள். திரும்பி, விழாவுக்காகப் போக்குவரத்தை நிறுத்திவைத்ததில் காலியாகக் கிடந்த கடைத்தெருவைப் பார்த்தாள். பிறகு நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

“பிடிடீ!”

சின்னவள் பிடிக்கவில்லை. ரிப்பன் இன்ஜினியரம்மாவின் தோளில் மாட்டி அறுந்து பின்னால் பறந்தது. மேயர் திறந்த கத்தரிக்கோலோடு அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் அறிவிப்பை ஒழுங்காகப் படித்தவர்கள். யாரும் முந்தவில்லை, எல்லாரும் பின்தொடர்ந்தார்கள். மேடையைத் தாண்டி, பச்சைக் கோட்டைத் தாண்டி, கடைத்தெருவுக்குள் ஊரே நுழைந்தது. சின்னவள் ஓடிப்போய்த் தன்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் கேரியரில் தாவி ஏறிக்கொண்டாள்.

அந்தத் தெருவில் அவ்வளவு சைக்கிள் ஒருநாளும் வந்ததில்லை. கடைகளில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள், மாடி ஜன்னல்கள் திறந்தன, யாரோ மணியடிக்க ஆரம்பிக்க எல்லாரும் மணியடித்தார்கள். நடுத்தெருவில் இன்ஜினியரம்மா யாரோ ஒரு பெண்மணி எதிரே சைக்கிள் ஓட்டி வருவதைப் பார்த்தார். தோளில் ரிப்பன், கலைந்த தலை, வாயெல்லாம் சிரிப்பு. எவ்வளவு சந்தோஷமாக ஓட்டுகிறாள் என்று அவளையே பார்த்தார். அது நடைபாதையில் சாய்த்து வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி என்பதும், அந்தப் பெண்மணி தான்தான் என்பதும் புரிந்தபோது, வண்டி பார்த்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் கையில் துடைக்கும் துணியோடு கண்களை இறுக மூடிக்கொண்டார். இன்ஜினியரம்மா கத்தவில்லை. பிடிக்க யாரும் இல்லை, அவரேதான். இத்தனை நாள் பேச்சைக் கேட்காத விரல்கள் மெதுவாக மடங்கின. அழுத்தி அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. சக்கரம் தேய்ந்து, நிதானித்து, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இடது காலைத் தரையில் ஊன்றினார். பின்னால் தெருவின் கடைசிவரைக்கும் பிரேக்குகள் கிறீச்சிட்டு, ஊர் நின்றது.

கடைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். கண்ணாடிகள் எல்லாம் முழுசாக இருந்தன. எல்லாவற்றிலும் சைக்கிள்கள் நிறைந்திருந்தன.

“உங்களுக்கு நிறுத்தத் தெரியாதுன்னு நெனச்சேன் மேடம்.”

“எனக்கே இப்பத்தான் தெரிஞ்சது.”

மேலே பேசக் கடைக்காரருக்கு நேரம் கிடைக்கவில்லை. கூரியர்காரர் இறங்கி வந்து, கைப்பிடியில் மாட்டுகிற மாதிரி சின்னக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர் வந்தார்கள். குழந்தைக்காரி ஒரு சுவர்க்கண்ணாடியை எடுத்து முகம் பார்த்தாள். காரில் போகிறவர்கள் நிறுத்த இடம் தேடி மூன்று தெரு சுற்றிவிட்டு வெறுத்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர்கள் நின்ற இடத்திலேயே இறங்கிக் கடைக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்துக் கடைகளிலும் அதே கதைதான். கடைக்காரர் உள்ளுக்கும் வெளிக்குமாக ஓடிக்கொண்டிருந்தவர், ஒரு தடவை இன்ஜினியரம்மாவின் பக்கம் வரும்போது நின்று, இந்தத் தெருவில் பச்சைக் கோட்டை எந்தப் பக்கம் போடுவதாக உத்தேசம் என்று கேட்டார். உங்கள் கடைப் பக்கம்தான் என்றார் இன்ஜினியரம்மா. கடைக்காரர் தன் கண்ணாடிகளைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். பெரியதை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாருமில்லாத மேடையில் பேசிப் பிரயோஜனமில்லை என்று கண்ட மேயர், ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில், பாதையைக் கடைத்தெரு வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே தன்னுடைய எண்ணம் என்று அறிவித்தார். முதலில் கைதட்டியது கண்ணாடிக் கடைக்காரர்.

சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஏன் பிடிக்கவில்லை என்று இன்ஜினியரம்மா கேட்டார். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார், குரல் ஒத்துழைக்கவில்லை.

“பிடிச்சிருந்தா பாதை அங்கேயே முடிஞ்சிருக்கும்க்கா. நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போகணுமே.”

இன்ஜினியரம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தினமும் காலையில் இவள் பச்சைக் கோடு முடிந்த இடத்திலிருந்து கார்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே இந்தத் தெருவில் தனியாகத்தானே போய்க்கொண்டிருப்பாள், இவ்வளவு காலம் அது தன் புத்தியில் உறைக்கவில்லையே என்று நினைத்தார். நினைத்ததை அவளிடமே சொல்லவும் சொன்னார். சின்னவள் அதெல்லாம் அப்புறம் பேசலாம், வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

“அப்போ நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்” என்றார் இன்ஜினியரம்மா.

சின்னவள் ஏறினாள். இன்ஜினியரம்மா கேரியரில் உட்கார்ந்து, அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. அதுவும் இன்ஜினியரின் சைக்கிள்தானே என்று நினைத்தார்களோ என்னவோ, கடைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து, ஏறி, பின்தொடர்ந்தார்கள். எந்தத் தெருவை நாடாவைப் பிடித்து எத்தனையோ முறை அளந்திருந்தாரோ, அந்தத் தெருவில் தரையைப் பார்க்காமல் அவர் போனது அதுதான் முதல் தடவை.